செவ்வாய்க்கிழமை, மூன்று முதல் நாலரை வரை

வங்கிக் கவுண்டரில் சில வருடம் நின்றவருக்கு, கதவைத் திறந்து வருபவரின் காரியம் அவர் வாய் திறக்கும் முன்பே தெரிந்துவிடும். தன் வேலை போகப்போவது மட்டும் கடைசியாகத்தான் தெரியவரும். உங்கள் கம்பனியும் இன்னொன்றோடு சேர்ந்திருந்தால் நான் சொல்வது விளங்கும். சுவிற்சர்லாந்தின் சோலோதுர்ன் நகரில் நான் பதினாறு வருடம் நின்ற சின்ன வங்கியின் தாய்க் கம்பனியும், தெருவுக்கு எதிரே இருந்த வங்கியின் தாய்க் கம்பனியும் போன வருடம் இணைந்தன. எங்கள் கிளையை மூடுவதாக முடிவாயிற்று. தமிழ் கதைக்கும் ஓர் ஆள் எதிர்ப்பக்கத்துக்குத் தேவையா என்பது மட்டும் முடிவாகவில்லை. அந்த ஆள் நான்.

ஒரே தெரு

இணைப்புக் கடிதங்கள் போன அன்று, சிவபாலன் அண்ணையின் தபால்பெட்டியில் ஒரே மாதிரி இரண்டு உறைகள் விழுந்தன. ஒன்று அவருக்கு, மற்றது அவர் மனைவிக்கு. அண்ணை எங்களிடம் அக்காவுக்குச் சொல்லாமல் கணக்கு வைத்திருந்தார். அக்கா எதிர்ப்பக்கத்தில் அண்ணைக்குச் சொல்லாமல் வைத்திருந்தார்.

மறுநாள் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். என் முன்னால் சண்டை வெடிக்கப்போகிறது என்று பயந்துகொண்டு நின்றேன். பார்த்தால், இருவரும் மகளின் படிப்புக்கென்றே சேர்த்திருக்கிறார்கள். அக்கா சொன்னார்: "பதினாலு வருசமா ரெண்டு பேரும் இந்தத் தெருவுக்கு ஒளிச்சு ஒளிச்சு வந்திருக்கிறம், தங்கச்சி. ஒருக்கா எண்டாலும் சந்திச்சிருந்தா ஒரு கோப்பியாவது குடிச்சிருக்கலாம்."

சிவப்புப் பென்சில்

எங்கள் மேலாளர் பிராவ் கேசர், அதாவது திருமதி கேசர், விவசாயக் குடும்பத்துப் பெண். நான் சேர்ந்த புதிதில், லொக்கரில் நகை வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் செவ்வாய் பின்னேரம் மட்டும் ஏன் வருவதில்லை என்று கேட்டார். ராகுகாலத்தை ஜெர்மன் மொழியில் விளக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இங்கேயே பிறந்தவள் நான், எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

அவர் சிரிக்கவில்லை. தமிழ்க் கடையில் கொடுக்கும் கலண்டர் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். அதைத் தேநீர் அறையில் மாட்டி, ஒவ்வொரு கிழமைக்கும் உரிய நேரத்தைச் சிவப்புப் பென்சிலால் கோடிட்டார். பிறகு ஒவ்வொரு வருடமும் புதுக் கலண்டர் வந்ததும் அவரே கோடு போடுவார். அன்று அவர் சொன்னது: "என் அம்மா நிலவு வளர்கிறதா தேய்கிறதா என்று பார்க்காமல் உருளைக்கிழங்கு நட்டதே இல்லை."

எண்ண வந்தவர்

என் கவுண்டருக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ண, தலைமையகம் ஓர் ஆலோசகரை அனுப்பியது. வந்த நாள் செவ்வாய். நேரம் மூன்று முதல், கதவு மூடும் நாலரை வரை. பிராவ் கேசர் வேறு நாள் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. நான் வெட்கத்தை விட்டு எல்லோருக்கும் தொலைபேசியில் சொன்னேன். எல்லோரும் "ஓம், வாறம்" என்றார்கள்.

ஒருவரும் வரவில்லை. ஆலோசகர் மடிக்கணினியை மூடினார். நாலரைக்கு அவர் வெளியே போகக் கதவைத் திறந்தேன். மழையில் குடைகளோடு இருபது பேருக்கு மேல் வரிசையாக நிற்கிறார்கள். ஏன் உள்ளே வரவில்லை என்று கோபத்தோடு கேட்டேன். முன்னால் நின்ற மகேஸ்வரி அன்ரிக்கு என் கேள்வியே பிடிக்கவில்லை. "உன்ர வேலை விசயம், பிள்ளை. அதுக்கு ராகுகாலத்தில வந்து நிக்கலாமோ?"

கடைசி நாள்

நாலரை வரை ஒருவரும் வரவில்லை என்றே ஆலோசகர் எழுதினார்; அவருடைய அறிக்கையில் எனக்கு இடம் இல்லை. கடைசி நாள் நான் அழுதபடியே மேசையை ஒழித்துக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கத்தில் இப்போது இலக்கச் சீட்டு எடுத்துத்தான் நிற்கவேண்டும்; ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அந்தச் சின்னக் கவுண்டரை நினைத்தால் இன்றும் மனம் கனக்கும்.

ஓய்வுபெறும் பிராவ் கேசர் கலண்டரைக் கழற்றி என் கையில் தந்தார். "இதைப் படம் எடுத்து அந்த அறிக்கையோடு சேர்த்துத் தலைமையகத்துக்கு அனுப்பினேன். எதிர்ப்பக்கத்தில் உனக்கு நேர்முகம் தருகிறார்கள். புதன்கிழமை பதினொரு மணிக்குக் கேட்டு வாங்கியிருக்கிறேன், பன்னிரண்டுக்குள் முடித்துவிடு."

எனக்கு ராகுகாலத்தில் இன்றும் துளி நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த நேர்முகம் பதினொன்று ஐம்பத்தைந்துக்கு முடிந்ததும், அந்தக் கலண்டர் இப்போது எதிர்ப்பக்கத் தேநீர் அறையில் தொங்குவதும் உண்மை.