ரோகு விரும்பிய ரேஷன் மாவு

இன்று, 12-11-1944 ஞாயிறு காலை, கிங்ஸ் சர்க்கிள் பஸ் நிறுத்தத்தில் எனக்கு நேர்ந்ததை வாசகசாலை நண்பர்களுக்காக இப்பலகையில் ஒட்டுகிறேன்.

தூண்டிலுடன் பவாய் ஏரிக்குப் புறப்பட்ட என்னை ஒரு ரேஷன் இன்ஸ்பெக்டர் மறித்தார். திருநெல்வேலிக்காரர். என் டப்பாவைத் திறந்து மாவு உருண்டையைப் பார்த்தார்.

"பெரியவரே, ரேஷன் மாவையா மீனுக்குப் போடுதீரு? கார்டை எடும்!"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஆறு பேர் சாப்பிடும் கார்டு. அதை அவர் தம் பைக்குள் வைத்துக்கொண்டார். வரிசையில் நின்றவர்கள் என்னைத் திருடனைப் போல் பார்த்தனர்.

"சார், விராலுக்கு உயிருள்ள இரை வேணும். ரோகு மீனுக்குப் புளிச்ச மாவுதான். நல்ல மாவைத் தொடவே தொடாது."

"அதுக்காவ நல்ல மாவைப் புளிக்க வச்சீரோ? எத்தனை நாளு?"

"நான் வைக்கலை சார். வியாழக்கிழமை ரேஷன் கடையிலே வாங்கறச்சயே இப்படித்தான் இருந்தது. வீட்டிலே ஒருத்தராலயும் சாப்பிட முடியலை. மோந்து பாருங்கோ."

முகர்ந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டே கார்டை நீட்டினார்.

"பஸ்ஸு வருது, ஏறும்."

நண்பகலுக்குள் மூன்று ரோகு விழுந்தன.

வியாழனன்று மாவு வாங்கிய நண்பர்கள், தங்கள் வீட்டில் அதை யார் சாப்பிட்டார்கள் என்று கீழே பென்சிலால் எழுதலாம். போதிய இடம் விட்டிருக்கிறேன்.