ஐந்தரை அடித் தோல்

நீங்கள் பொய் சொன்னீர்கள் சார். வாட்ஸப் குரூப்பில் எல்லாரும் படிக்கும்படி "சிஸ்டம் மிஸ்டேக்" என்று எழுதினீர்கள். நம் ஆம்பூர் தோல் கம்பெனியில் சிஸ்டம் என்றால் மாடி அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் நான்தான். வேறு யாரும் இங்கே புரோகிராம் எழுதுவதில்லை.

நம் தொழிலில் ஆட்டுத்தோலை அளந்ததும் அதன் பின்பக்கத்தில் அளவை எழுதுவார்கள். ஐந்து என்று பெரிதாக எழுதி, அதன் தோளில் சின்னதாக இரண்டு போட்டால், ஐந்து சதுர அடியும் இரண்டு கால் அடியும் என்று அர்த்தம். அதாவது ஐந்தரை. சின்ன எண் மூன்றைத் தாண்டாது. நாலு கால் சேர்ந்தால் அது முழு அடி ஆகிவிடும்.

பைத்தான் மொழியில் ஒவ்வொரு தோலையும் ஓர் ஆப்ஜெக்டாக வைத்தேன். முதல் தடவை பிரின்ட் எடுத்தபோது, அளவு வரவேண்டிய இடத்தில் கம்ப்யூட்டர் மெமரியில் அது கிடக்கும் முகவரி நீளமான எண்ணாக வந்தது. அளவு மெஷினில் நிற்கும் அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, ஆட்டுக்கு ஆதார் நம்பரா?"

இருவரும் சிரித்தோம். எதைக் கொடுத்தாலும் எழுத்தாக்கித் தரும் ஃபங்ஷன் ஒன்று அந்த மொழியிலேயே இருக்கிறது. என் தோலை எப்படி எழுதுவது என்று அதற்குத் தெரியவில்லை. தோலுக்கு மட்டும் என் விதியை அதற்கு எழுதிக் கொடுத்தேன். பிறகு பிரின்ட்டில் ஐந்தும் தோளில் சின்ன இரண்டும் வந்தன, அக்கா எழுதுகிற மாதிரியே. கூட்டுவதற்கு 5.5 உள்ளே தனியாக இருந்தது. "எழுத்து பார்க்க மட்டும், கணக்குக்கு உள்ளே இருக்கும் எண்ணை எடுங்கள்" என்று உங்களுக்கு மெயில் போட்டேன்.

நான் லீவில் இருந்த அன்று சரக்கோடு அனுப்பும் பேக்கிங் லிஸ்ட் உங்களுக்கு அவசரமாக வேண்டியிருந்தது. லாங் பஜாரில் அம்மாவோடு நின்றுகொண்டிருந்தேன், போன் கையில்தான் இருந்தது. நீங்கள் கூப்பிடவில்லை. பிரின்ட்டுக்கான எழுத்தை எக்செலில் போட்டு, சின்ன எண்ணுக்கு முன்னால் புள்ளி வைத்துக் கூட்டினீர்கள். ஐந்தரை 5.2 ஆனது. ஐந்தே முக்கால் 5.3 ஆனது. முழு அடியில் நிற்காத ஒவ்வொரு தோலும் காகிதத்தில் சுருங்கியது.

சரக்கு போய்ச் சேர்ந்த இடத்தில் பையரின் ஆட்கள் அளந்து பார்த்தார்கள். உங்கள் அளவை நம்ப முடியாது என்று அடுத்த ஆர்டரை நிறுத்தினார்கள். நீங்கள் குரூப்பில் எழுதினீர்கள். அதோடு விட்டீர்களா? அளந்தவள் மேலும் சந்தேகம் என்று அக்காவை மெஷினிலிருந்து எடுத்து, தோலின் ஓரம் வெட்டும் ட்ரிம்மிங் டேபிளில் நிறுத்தினீர்கள்.

முன்பெல்லாம் மாதனூரில் நான் கம்பெனி பஸ் ஏறும்போது அக்கா பக்கத்து சீட்டில் டிபன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள். இப்போது பை அவள் மடியில் இருக்கிறது, பக்கத்தில் வேறு யாரோ. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வருகிறேன். கேன்டீனிலும் என் டேபிளுக்கு யாரும் வருவதில்லை. ஒருநாள் பஸ் இறங்கும்போது கூப்பிட்டேன்.

"அக்கா, அத நான் பண்ணல."

"வுடும்மா. உன் கம்ப்யூட்டர் தப்பா சொன்னாலும் சாருங்க நம்புவாங்க. மெஷின்ல கை வச்சவ நானு, என்னை யாரு நம்பப் போறா? பேஜாரா கீது, போ."

உங்கள் அறைக்கு வந்து, நீங்கள் போட்ட எக்செல் ஃபைலைத் திறந்து காட்டினேன். புள்ளிகளைப் பார்த்தீர்கள்.

"சின்ன விஷயம்மா. பையரே சமாதானம் ஆய்ட்டான். நீ ஏன் பெருசாக்குற?"

"அக்காவ எப்ப சார் மெஷினுக்கு அனுப்புவீங்க?"

"பாக்கலாம்."

இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். எனக்கு உங்கள் வருத்தம் வேண்டாம். மூடிய அறைக்குள் சொல்லும் சமாதானமும் வேண்டாம். ஷிப்ட் மாறும் நேரத்தில் ட்ரிம்மிங் டேபிள் முன்னால் வந்து நில்லுங்கள். அக்காவும் மற்றவர்களும் கேட்கும்படி, சத்தமாகப் பதில் சொல்லுங்கள் சார்: அந்தப் புள்ளியை வைத்தது யார்?