விங்கிலிருந்து நடுவுக்கு வந்த கனகா

1. டெஸ்ட்டில் பாஸான முட்டி

ஒற்றைக் காலில் தாண்டச் சொன்னேன், கனகா தாண்டினாள். உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டும் சுத்தம். ஆபரேஷன் செய்த வலது காலில் இடது காலுக்குச் சமமான பலம் வந்திருந்தது.

"இனிமே மேட்ச் ஆடலாம்மா" என்றேன். திருப்பத்தூரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் எனக்கு, சொல்லச் சொல்ல அலுக்காத வாக்கியம் அது.

அவள் சிரிக்கவில்லை. "முட்டி நல்லாத்தான் கீது சார். பந்து வந்தா உடம்பு திரும்ப மாட்டேங்குது."

கனகா ஜவ்வாது மலைக்காரி. வீட்டில் சாமை விவசாயம். மலைப் பெண்கள் ஃபுட்பால் அணியில் அவள்தான் ரைட் விங், வலது ஓரமாக ஓடி ஆடுகிறவள். ஓட்டத்தில் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. படவேட்டில் ஒரு மேட்ச். பந்தை வாங்கி வேகமாகத் திரும்பியபோது பூட்ஸ் மண்ணில் மாட்டி, முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் லிகமென்ட் அறுந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு மாதக்கணக்காக மலையிலிருந்து பஸ் பிடித்து என்னிடம் வந்துகொண்டிருந்தாள்.

2. கோச் சொன்ன இடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை பிராக்டிஸ் பார்க்க மலைக்குப் போனேன். விங்கில் பந்து வந்ததும் கனகா ஒரு கணம் உறைந்து நின்றாள். அதற்குள் எதிராளி பந்தைத் தட்டிக்கொண்டு போனாள். திரும்பத் திரும்ப இதே கதை.

கோச் பீட்டர் சொன்னார்: "விங்க்ல ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் ஆளு. திரும்பித்தான் ஆகணும் சார். நடுவுல போட்டா, பால் வர்றதுக்கு முன்னாடியே சுத்திப் பாத்துட்டு ஒரே டச்ல குடுத்துடலாம்."

கனகாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நின்னு பாஸ் குடுக்கறதுக்கா மாஸ்டர் இவ்ளோ நாளு காலை மடக்கி நீட்டுனேன்? நான் இன்னா ஆட்டம் ஆடுனவன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. கொஞ்ச நாளு ஆடிப் பாரு."

நானும் பயிற்சியை மாற்றினேன். பந்தை உருட்டிவிடுவேன். அது காலுக்கு வருவதற்குள் அவள் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, பின்னால் என் மனைவி தூக்கிப் பிடிக்கும் துணியின் நிறத்தைச் சொல்ல வேண்டும். முதல் நாள் நீலத்தைச் சிவப்பு என்று கத்திவிட்டு, அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். அடிபட்ட பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

3. திருப்பத்தூர் மைதானம்

சில வாரம் கழித்து நடந்த டோர்னமென்ட்டில் பீட்டர் அவளை நடுவில்தான் இறக்கினார். செமி ஃபைனலில் எதிரணிக்காரி ஒருத்தி சறுக்கி வந்து அதே வலது காலில் மோதினாள். கனகா விழுந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"எங்கம்மா வலிக்குது?"

"தோலு எரியுது சார். உள்ள ஒண்ணும் ஆவல." அவளே எழுந்து ஷார்ட்ஸில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் ஒதுங்கி ஆடுவாள் என்று நினைத்தேன். கடைசி நிமிடங்களில் நடுவில் நின்று பந்தைக் கேட்டாள். வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் ஒரு பார்வை. இரண்டு பேர் அவளை நோக்கிப் பாய்ந்தார்கள். திரும்பவே இல்லை, இடது காலால் ஒரே தட்டு. பந்து அவர்களுக்கு நடுவே புகுந்து ரைட் விங்குக்குப் போனது. அங்கே ஓடிவந்தவள் கோல் அடித்தாள்.

மேட்ச் முடிந்ததும் கனகா பீட்டரிடம் போனாள். "என்னை இங்கயே வுடுங்க மாஸ்டர். விங்க்ல இருந்தப்ப எனக்குப் பாதி கிரவுண்டுதான் தெரிஞ்சுது."

ஃபைனலில் தோற்றோம். ஆனால் அன்று மைதானத்தில் அதிகம் பந்தைத் தொட்டவள் அவள்தான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். ஆட்டத்தில் எந்த இடத்தில் பயம் வருகிறது என்று கேளுங்கள். பல பேருக்கு அதை வாயால் முழுசாகச் சொல்லத் தெரியாது. ஆடிக் காட்டச் சொல்லுங்கள். அதற்காகவே என் கிளினிக்கில் இப்போது ஒரு பந்து கிடக்கிறது. சுவரில் அது மோதும்போதெல்லாம் பக்கத்து டெய்லர் கடைக்காரர் திட்டுகிறார். திட்டட்டும்.