பலாமரத்தில் முட்டிய நடைபாதை

பாட்டன் கட்டிய எங்கள் ஓட்டு வீட்டை, பழைய தோற்றம் கெடாமல் பெரியப்பா புதுப்பித்து முடித்தபோது எனக்கு ஆறு வயது. வெளியூர்க்காரர்கள் வாடகைக்கு வந்து தங்குவார்கள் என்றார்கள். முன்பக்கம் தோட்டம் போடும் பொறுப்பு பெரியம்மாவுடையது. நாமக்கல்லிலிருந்து படம் வரைந்து கொண்டுவந்து, மண்ணில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார். இங்கே புல்தரை, அங்கே செம்பருத்தி வேலி. நடைபாதைக் கோடு மட்டும் நேரே போய்ப் பலாமரத்தில் முட்டியது.

மரம் வீட்டை மறைக்கிறது, வெட்டிவிடலாம் என்றார் பெரியம்மா. காய்க்கிற மரத்தை வெட்டக் கூடாது என்றாள் அம்மா. அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. சேதிகளைச் சுமப்பது என் வேலையாயிற்று. எனக்கு அதில் பெருமைதான். அதுவரை பெரியம்மா என்னிடம் அதிகம் பேசியதில்லை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை; என்னைத் தூக்கியதாகவும் நினைவில்லை.

மரம் வெட்டும் ஆள் வந்த காலையில், அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்: “மரத்துல கத்தி பட்டா நான் அரியூருக்கே போயிருவேன்னு உம் பெரியம்மாகிட்டச் சொல்லிட்டு வா, கண்ணு.”

அரியூர் அம்மா பிறந்த ஊர். மறந்துவிடாமலிருக்க, முணுமுணுத்துக்கொண்டே பின்வாசல் வழியாக மரத்தடிக்கு ஓடினேன். அதற்குள் அந்த ஆள் மேலே ஏறிக் கிளையை வெட்டத் தொடங்கியிருந்தார். இலைகளுக்குப் பின்னால் மலைத்தேனீக் கூடு இருந்தது யாருக்கும் தெரியவில்லை.

“தேனீ! ஓடுங்க!” என்று கத்திக்கொண்டே குதித்து ஓடினார்.

தலைக்கு மேல் இரைச்சல். எனக்குக் கால் நகரவில்லை. பெரியம்மா வாசற்படியில் நின்றிருந்தார். ஓரடி பின்வாங்கியிருந்தால் வீட்டுக்குள் போயிருக்கலாம். அவரோ என்னை நோக்கி ஓடிவந்து, கீழே தள்ளி, சேலையால் மூடி மேலே கவிழ்ந்துகொண்டார்.

“மொகத்தக் காட்டாத, சாமி.”

ஒவ்வொரு கொட்டுக்கும் அவர் உடம்பு தூக்கிப்போட்டது. சத்தம் மட்டும் வரவில்லை. திடீரென்று எங்கள்மேல் கனமாக ஏதோ விழுந்தது. அம்மா கம்பளியோடு ஓடிவந்து, எங்களை மூடி, தானும் உள்ளே புகுந்திருந்தாள். அந்த இருட்டில்தான் சேதி நினைவுக்கு வந்தது. ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன்.

இரைச்சல் அடங்கிய பிறகு வீட்டுக்குள் போனோம். பெரியம்மாவின் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. அம்மா நகத்தால் கொடுக்குகளைச் சுரண்டியெடுத்துக்கொண்டே அழுதாள். “ஏனுங்கக்கா, உள்ள போயிருக்கலாமுல்லங்க?”

“மரம் இருக்கட்டும்” என்றார் பெரியம்மா. “பாதைய வளச்சுக்கலாம்.”

அவர் கை இன்னும் என்னை இறுக்கிப் பிடித்திருந்தது. எனக்கு மூச்சு முட்டியது. “தேனீ போயிருச்சு பெரியம்மா, விடுங்க.”

“இன்னும் கொஞ்ச நேரம் இரு, சாமி.”

பாவம், பெரியம்மாவுக்குத் தேனீப் பயம் போகவில்லை என்று நினைத்து, அவர் கையைத் தட்டிக்கொடுத்தேன்.