பட்டியலில் இல்லாத குழந்தை

எனக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் போகாது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில், வெளியிலிருந்து வரும் உதிரி பாகங்களைச் சோதித்து, எடுத்துக்கொள்வதா திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்வதுதான் பத்தொன்பது வருடமாக என் வேலை. ஒரு தடவை ஏமாற்றிய சப்ளையரின் பெட்டியை அடுத்த பத்து தடவையும் அடிவரை பிரித்துப் பார்ப்பேன். ஒரு போல்ட் வாங்குவதற்குள் அந்த ஆளின் பட்டறை, மெஷின், கக்கூஸ் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அப்படிப்பட்ட நான், என் வீட்டுச் சாமான்களை ஏற்றிப்போக ஆள் பிடித்த லட்சணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

அப்போது நாங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்து அத்திப்பள்ளியில் குடியிருந்தோம். மகள் பத்தாம் வகுப்பு. அவள் பள்ளிக்கும் என் வேலைக்கும் தோதாக ஓசூரில் வீடு பார்த்து, கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் மாறுவதென்று முடிவு செய்தோம். இணையத்தில் தேடினேன். ஐந்து நட்சத்திரம், பெங்களூரு முகவரி, ஒரே நிறச் சட்டையில் நாலு பேர் லாரி முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். போன் செய்தால் குரலில் தேன் வடிந்தது. நீங்கள் ஒரு டம்ளரைக்கூடத் தூக்க வேண்டாம் மேடம் என்றார் முதலாளி. நான் நம்பிவிட்டேன். போல்ட் விற்பவனிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்றைக்கூட இவரிடம் கேட்கவில்லை.

சாமான் பட்டியலை மட்டும் நானே எழுதினேன். கட்டில், பீரோ, பிரிட்ஜ், கிரைண்டர், அரிசி டிரம் என்று எல்லாவற்றுக்கும் எண் போட்டு, ஏற்ற வந்த அன்று, கூட வந்திருந்த முதலாளி முன்னாலேயே அவர்கள் ஆளிடம் கையெழுத்தும் வாங்கினேன்.

அந்த அரிசி டிரம்மைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் டிசம்பர் முதல் வாரமே கிறிஸ்துமஸ் குடில் வைத்துவிடுவோம். மாதா, சூசையப்பர், இடையர்கள், மூன்று ராஜாக்கள் எல்லோரும் இருப்பார்கள். வைக்கோல் தொட்டில் மட்டும் காலியாக இருக்கும். குழந்தை இயேசுவை இருபத்து நாலாம் தேதி சாயங்காலம்தான் வைக்க வேண்டும். அதுவரை எங்காவது ஒளித்து வைப்பது வழக்கம். எங்கள் வீட்டில் ஒளித்து வைக்கும் இடம் அரிசி டிரம். மகளுக்கு நடை வந்ததிலிருந்து அவள்தான் அரிசிக்குள் கைவிட்டுத் துழாவி, குழந்தையை எடுத்து, ஊதித் துடைத்துத் தொட்டிலில் வைப்பாள். அது மரத்தில் செதுக்கிய குழந்தை, ஒரு சாண் நீளம். மகள் பிறந்த வருடம் வேளாங்கண்ணியில் வாங்கியது. அவளுக்குப் பல் முளைத்தபோது அதன் குதிகாலைக் கடித்து வைத்தாள். இரண்டு பல்லின் தடமும் அப்படியே இருந்தது.

மற்ற பொம்மைகளைப் பெட்டியில் கட்டினேன். குழந்தை, டிசம்பரில் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது. அரிசியைவிடப் பத்திரமான மெத்தை எது என்று டிரம்மை அப்படியே மூடி வைத்தேன்.

அரை மணி நேரத் தூரத்துக்குச் சாமான்கள் வந்து சேர நாலு மணி நேரம் ஆயிற்று. போனது கர்நாடக நம்பர் வண்டி; வந்தது தமிழ்நாட்டு நம்பர் வண்டி. கேட்டதற்கு, அந்தச் சின்ன வண்டிக்கு இந்தப் பக்கம் வர பர்மிட் இல்லை, எல்லையில் ஜூஜுவாடியில் மாற்றி ஏற்றினோம், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்று சாதாரணமாகச் சொன்னார்கள். அதாவது என் குடும்பம் மொத்தமும் நெடுஞ்சாலை ஓரத்தில் இறங்கி, திரும்ப ஏறியிருக்கிறது. பீரோ கண்ணாடியில் கீறல், மிக்ஸி மூடியைக் காணோம். போகட்டும் என்று விட்டேன்.

மூன்று நாள் ஓட்டல் சாப்பாடு. இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்பும் முன் மகள் டிரம்மைத் திறந்து முழங்கை வரை கையை விட்டாள். துழாவினாள். தோள் வரை விட்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒரு போர்வையை விரித்து டிரம்மைக் கவிழ்த்தேன். குழந்தை இல்லை. அதோடு, அந்த அரிசியும் எங்கள் அரிசி இல்லை. நாங்கள் வாங்குவது பழைய பொன்னி. இது குருணையும் கல்லும் கலந்த மோட்டா அரிசி.

உடனே முதலாளிக்குப் போன் போட்டேன். தேன் வற்றிப் போயிருந்தது.

"லிஸ்ட்ல அரிசி டிரம்முன்னுதானே மேடம் இருக்குது? அரிசி டிரம் வந்துச்சில்ல? பொம்மையெல்லாம் நீங்க எழுதவே இல்லியே" என்றார். கடைசியில், "பொம்மைதானே மேடம், கடையில கெடைக்குமே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த நிமிடம் அவர் எண்ணை 'அரிசி டிரம்' என்ற பெயரில் போனில் பதிந்து வைத்தேன். மகள் அந்த வருடம் வெறும் கையோடு தொட்டில் முன்னால் நின்றாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்த வாரம் என் கணவர் கோயில் கடையில் புதுக் குழந்தை ஒன்று வாங்கி வந்தார். அதை பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதற்குப் பிறகு ஐந்து வருடமும் எங்கள் குடிலில் தொட்டில் காலிதான். கேரல் பாட வருபவர்கள், எங்கள் கோயில் பங்கிலிருந்து குடில் பார்க்க வருபவர்கள் எல்லோரும், என்னங்க குழந்தையைக் காணோமே என்று கேட்பார்கள். அவர்கள் கையில் கேக்கைக் கொடுத்து, உட்கார வைத்து, அந்தக் கம்பெனியின் பெயரை நிறுத்தி நிதானமாகச் சொல்வேன். எங்கள் பங்கில் ஒரு குடும்பம் அவர்களிடம் பேசி வைத்திருந்ததை ரத்து செய்துவிட்டதாகச் சொன்னபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவர்களுக்கு இரண்டாவது துண்டு கேக் கொடுத்தேன்.

இந்த வருடம் கிருஷ்ணகிரியில் சொந்த வீடு கட்டி முடித்தோம். மறுபடியும் மாற்ற வேண்டும். இந்தத் தடவை கம்பெனியில் செய்வதைப் போலவே செய்தேன். முதலில் ராயக்கோட்டையிலிருந்து ஒருவர். அவருடைய லாரியில் ஏறிப் பார்த்தால் தக்காளி வாடை. தரையில் கால் ஒட்டியது. கழுவிவிடலாங்க என்றார். வேண்டாம் என்றேன். அடுத்து இரண்டு பாய்கள், அண்ணன் தம்பி, கம்பெனிகளுக்குள் மெஷின் மாற்றித் தருபவர்கள். அவர்கள் குடோனுக்குச் சொல்லாமல் போனேன். சாமான் சுற்றும் கம்பளிகளைத் துவைத்துக் கொடியில் காயப் போட்டிருந்தார்கள். கயிறுகள் சுருட்டி ஆணியில் தொங்கின. நான் கேட்கும் முன்னால் அண்ணன் கேட்டார், வீட்டில் எது உடைந்தால் உங்களுக்கு ரொம்ப வருத்தமாக இருக்கும் என்று. அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

மூன்றாவதாக, கூட வேலை செய்பவர் ஒரு எண் கொடுத்திருந்தார். கம்பெனி பெயர் புதிது. எண்ணை அழுத்தினால் திரையில் 'அரிசி டிரம்' என்று வந்தது.

விட்டுவிடு என்றார் கணவர். நான் விடவில்லை. வீட்டைப் பார்க்க வாருங்கள் என்று அழைத்தேன்.

எங்கோ சாமான் இறக்கிவிட்டு, அந்த லாரியிலேயே டிரைவரோடு முதலாளியே வந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். சட்டையில் புதுப் பெயர் தைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கு அதுவும் கோபமாக இருந்தது. அன்று அவரைப் படாதபாடு படுத்தினேன். பீரோவை மூன்று தடவை அளக்கச் சொன்னேன். கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று படுத்துப் பார்க்க வைத்தேன். மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கி அவருக்கு வியர்த்து வழிந்தது. இத்தனைக்குப் பிறகும் வேலையை பாய்களுக்குத்தான் கொடுக்கப் போகிறேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். அந்த ஒன்றரை மணி நேரம் சுகமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

கடைசியாகக் குடில் பெட்டியை எடுத்து வந்தேன். ஒவ்வொரு பொம்மையாகப் பிரித்து மேசையில் வைக்க, அவர் எழுதிக்கொண்டே வந்தார். மாதா, சூசையப்பர், மூன்று ராஜா, ஒட்டகம், ஆறு ஆடு. காலித் தொட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"கொழந்த எங்க மேடம்?" என்றார்.

ஐந்து வருடமாகக் குளிக்கும்போதும் சமைக்கும்போதும் ஒத்திகை பார்த்து வைத்த வசனங்கள் எத்தனையோ இருந்தன. அவற்றில் இல்லாத ஒன்றுதான் வாயில் வந்தது.

"உங்க வண்டியிலதான் இருக்குது" என்றேன்.

குத்திக் காட்டத்தான் அப்படிச் சொன்னேன். ஆனால் அவர் பேனா நின்றது. என்னைப் பார்த்தார். சமையலறை வாசலில் இருந்த அரிசி டிரம்மைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அத்திப்பள்ளி மேடமா?" என்றார். பிறகு மெதுவாக, "வண்டியில இருக்குதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

எனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பத்தொன்பது வருடமாகச் சப்ளையர்கள் முன்னால் முகத்தில் எதையும் காட்டாமல் நின்று பழகியவள் நான்.

"யாரோ சொன்னாங்க. கீழ வாங்க" என்றேன்.

படி இறங்கும்போதே கொட்டிவிட்டார். ஜூஜுவாடியில் மாற்றி ஏற்றும்போது டிரம் உருண்டு அரிசி மொத்தமும் சேற்றில் கொட்டிவிட்டதாம். பக்கத்துக் கடையில் கிடைத்த அரிசியை வாங்கி ரொப்பிவிட்டார்களாம். சேற்றைக் கூட்டி அள்ளும்போது டிரைவருக்குக் குழந்தை கிடைத்திருக்கிறது. நான் போன் செய்தபோது குழந்தையை ஒப்புக்கொண்டால் அரிசியையும் ஒப்புக்கொள்ள வேண்டுமே என்று இவர் வாயை மூடிக்கொண்டார்.

இவ்வளவு ஒப்புக்கொண்ட பிறகும், வாசலுக்கு வந்ததும் வண்டியில் இருந்த டிரைவரிடம் கன்னடத்தில், அதை எடுத்து சீட்டுக்கு அடியில் போடு என்றார். அத்திப்பள்ளியில் ஆறு வருடம் குடியிருந்தவளுக்குக் கன்னடம் தெரியாது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. கன்னடத்திலேயே சொன்னேன், கையை வைக்காதே என்று.

ஸ்டியரிங்குக்கு முன்னால், பிள்ளையாருக்கும் ஒரு எலுமிச்சம்பழத்துக்கும் நடுவில், கைகளை விரித்தபடி குழந்தை படுத்திருந்தது. நெற்றியில் குங்குமம். மேலே ஒரு முழம் மல்லிகை, அன்றைக்கு வைத்தது. எடுத்துக் குதிகாலைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பல் தடம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஆள் முன்னால் அழுகிறேனே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

டிரைவர் இறங்கி நின்றார். ஐம்பது வயது இருக்கும். "அன்னைக்கே குடுத்துரலாம்னு சொன்னேன்க்கா, மொதலாளிதான் வேணாம்னுட்டாரு. அஞ்சு வருசமா தெனமும் பூ வெச்சுட்டுத்தான் வண்டி எடுப்பேன்" என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனாலும் குழந்தையைக் கொடுக்கவில்லை. வீட்டுக்குள் போய், ஐந்து வருடமாகப் பூட்டிக் கிடந்த கோயில் கடைக் குழந்தையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

முதலாளியை விடவில்லை. மறுபடியும் மேலே கூட்டிப் போய் உட்கார வைத்து, அவர் பட்டியலின் கடைசியில் எழுதச் சொன்னேன். குழந்தை இயேசு, ஒன்று. கீழே கையெழுத்து. எழுதி முடித்ததும், வேலையை வேறு ஆட்களுக்குக் கொடுத்தாகிவிட்டது என்றேன்.

"அப்ப இந்த லிஸ்ட் எதுக்கு மேடம்?" என்றார்.

"எனக்கு" என்றேன்.

பாய்கள் ஒரே வண்டியில், ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்து சேர்த்தார்கள். குழந்தை என் மடியில் வந்தது. மகள் இப்போது நர்ஸிங் படிக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வந்து, புது வீட்டில், அரிசிக்குள் கைவிட்டுக் குழந்தையை எடுத்துத் தொட்டிலில் வைத்தாள். குங்குமத்தை நான் துடைக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். எதிர்பார்த்தபடியே, கேரல் பாட வந்தவர்கள் குழந்தை இயேசுவுக்கு ஏன் குங்குமம் என்று கேட்டார்கள். எல்லோரையும் உட்கார வைத்துக் கேக்கைக் கொடுத்து, கம்பெனியின் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் சொல்லி, கையெழுத்துப் போட்ட பட்டியலையும் காட்டினேன்.

கணவர் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும், "அதுக்கு முந்தின லிஸ்ட்ட எழுதுனது யாருன்னும் சொல்லிடு" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மகளும் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கேக் கொண்டுவருகிறேன் என்று சமையலறைக்குப் போனேன். அரிசி டிரம் திறந்தே கிடந்தது. அதை மூடிவிட்டு, அவர்கள் அடுத்த பாட்டைத் தொடங்கும் வரை அங்கேயே நின்றேன்.