நபீஸா ராத்தாவின் இடது கை

மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்ப டிப்ளோமாவில் ஆறு பாடங்கள். ஏறாவூர் நபீஸா, முழுப்பெயர் சித்தி நபீஸா, அதில் ஐந்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். உயிரிரசாயனவியல், நுண்ணுயிரியல், ஒட்டுண்ணியியல், இழையநோயியல், குருதி வங்கி. கொக்கிப்புழுவின் முட்டை எப்படி இருக்கும் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சொல்லிவிட்டு, எழுப்பியவனுக்கு நாலு ஏச்சும் கொடுப்பாள். ஆறாவது பாடமான குருதியியலிலும் எழுத்துச் சோதனை பாஸ். மிச்சம் கிடந்தது ஒரேயொரு செய்முறை. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைட்டில் மெல்லிசாகப் பூச வேண்டும். அதில்தான் இரண்டு தரம் கோட்டை விட்டாள்.

மூன்றாம் தரமும் விட்டால் டிப்ளோமா கிடையாது. விதி அப்படி. டிப்ளோமா கிடையாது என்றால் திரும்பக் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு. ஆள் அனுப்பும் சப் ஏஜன்ட் ஏற்கெனவே வீட்டுக்கு வந்து உம்மாவிடம் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போயிருந்தான். "நல்ல வீடு, ஆறு பேர்தான், ஒரு கிழவி" என்று சொல்லியிருந்தான். நபீஸாவுக்கு அந்தக் கணக்கு தெரியும். ஆறு பேர் என்றால் பதினொரு பேர். ஒரு கிழவி என்றால் இரண்டு.

குவைத்தில் ஒன்பது வருடம் இருந்தவள் அவள். வீட்டுக்காரக் கிழவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. கிழமைக்கு ஒரு தரம் அவரைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவாள். அங்கே கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தி நுணுக்குக்காட்டிக்குள் கண்ணை வைத்துக்கொண்டு இருப்பாள். ஒன்பது வருடத்தில் ஒரு நாளாவது அவளைப் பார்த்து யாரும் கத்தி நபீஸா கேட்டதில்லை. டொக்டர்கூட யன்னலுக்கு வெளியே நின்று பொறுமையாகக் காத்திருப்பார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் முப்பத்திரண்டு வயதில் ஊருக்கு வந்து, மட்டக்களப்பு டவுனில் வாவிக்கரையோரம் இருந்த ஒரு தனியார் நிலையத்தில் சேர்ந்தாள். வகுப்பில் மற்ற எல்லோருக்கும் பத்தொன்பது, இருபது. முதல் நாள் அவள் உள்ளே நுழைந்தபோது ஆசிரியை என்று நினைத்து எல்லாரும் எழும்பி நின்றார்கள்.

"இருங்க இருங்க, நானும் உங்களப்போல கட்டணம் கட்டின ஆள்தான்" என்றாள். அன்றிலிருந்து சிலருக்கு அவள் அக்கா, சிலருக்கு ராத்தா.

அந்த வகுப்பில் ஓட்டமாவடி பஸ்லான் என்று ஒருவன் இருந்தான். படிப்பைவிடப் பகிடியில் கெட்டிக்காரன். சிறுநீர்ப் பரிசோதனை பழகிய நாளில், ஒரு போத்தலில் பிளேன்டீயை ஊற்றி, குளுக்கோஸ் மாவையும் கரைத்து, 'நோயாளி 7' என்று ஒட்டி நபீஸாவின் மேசையில் வைத்தான். நபீஸா சோதனைப் பட்டியைத் தோய்த்தாள். பட்டி கடும் மண்ணிறமாகியது. பின் வாங்கிலில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நபீஸா சிரிக்கவில்லை. பட்டியைப் பிடித்தபடி அலுவலகத்துக்கு ஓடினாள். "ஏழாம் நம்பர் ஆள்ட போன் நம்பரத் தாங்க! இவரு இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்!"

பஸ்லான் பின்னால் ஓடினான். "ராத்தா, ராத்தா, அது தேத்தண்ணி!"

"என்னடா?"

"குளுக்கோஸ் போட்ட தேத்தண்ணி ராத்தா. பகிடிக்கு."

அவள் மூச்சு வாங்கியபடி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அல்ஹம்துலில்லாஹ், ஒரு மனிசன் தப்பினான்" என்றாள். பிறகு, "இந்தக் கிழமை போத்தல் கழுவுறது முழுக்க நீதான்" என்றாள்.

ஏசியிருந்தால் பஸ்லான் அடுத்த பகிடிக்குப் போயிருப்பான். அவள் ஏசவில்லை. இல்லாத ஒரு நோயாளிக்காக ஒருத்தி அப்படி ஓடியதைப் பார்த்தபின் அவனுக்குக் கொஞ்சநாள் பகிடியே வரவில்லை.

சரி, இரத்தம் பூசும் விஷயத்துக்கு வருவோம். பார்ப்பதற்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. ஸ்லைட்டின் ஓரத்தில் மிளகளவு துளி. இன்னொரு ஸ்லைட்டைச் சரித்துப் பிடித்து, துளியில் முட்டவைத்து, இரத்தம் விளிம்பு வழியே பரவியதும் ஒரே மூச்சில் முன்னே தள்ள வேண்டும். சரியாக வந்தால் நாக்குப்போல ஒரு படலம் விழும். அதன் நுனி போகப் போக மெலிந்து இறகுபோல முடியும். அந்த நுனிக்குக் கிட்டத்தான் இரத்த அணுக்களான குழியங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், எண்ணுவதற்கு வசதியாகத் தனித்தனியே கிடக்கும். அமத்தித் தள்ளினால் வெண்குழியங்கள் உடையும், படலம் வரி வரியாகக் கிழியும்.

நபீஸா அமத்தினாள். அமத்தாமல் அவளுக்குத் தள்ளத் தெரியாது.

"நபீஸா, இது தரை இல்ல" என்பார் விஜிதரன் சேர். அவர்தான் குருதியியல் படிப்பித்தவர். "பாரம் குடுக்காதீங்க. கை சும்மா போகவேணும்."

"சும்மாதான் சேர் போகுது."

"உங்கட சும்மாவுக்கே மேசை ஆடுது."

அவள் விடவில்லை. ஏறாவூர்ச் சந்தையில் இறைச்சிக்கடை றவூப் காக்காவிடம் ஊதா மூடிக் குழாய்களைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்குள் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து இருக்கும்.

"ரெத்தம் என்னத்துக்குடி? சூனியம் கீனியம் செய்யப் போறியா?"

"சோதினைக்குக் காக்கா."

"மாட்டுக்கா சோதின?"

"மாடு பாஸ் பண்ணிட்டு. நான்தான் பெயில்."

காலையில் மாட்டு இரத்தம், பின்னேரம் நிலையத்தில் பழக்கம். மாரிகாலம், வாவிக் காற்றில் எதுவும் காயாது. பூசிய ஸ்லைட்டுகளை வீட்டுக் குசினி யன்னலில் அடுக்கிவைத்தாள். அடுத்த நாள் நிலையத்தில், கிரானில் இருந்து படிக்க வரும் ஆர்த்திகா, அவளுடைய மேசைக்காரி, அவற்றை நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டுப் பதறினாள்.

"நபீஸாக்கா, இஞ்ச பாருங்க. படலம் முழுக்க ஓட்ட ஓட்டையாக் கிடக்கு. இது என்ன வருத்தம்?"

விஜிதரன் சேர் வந்து குனிந்து பார்த்தார். "வருத்தம் ஒண்டுமில்ல. எறும்பு. இரவிரவா விருந்து நடந்திருக்கு."

அன்றிலிருந்து ஸ்லைட்டுகள் தண்ணீர்ப் பாத்திரத்தின் நடுவே ஒரு கிண்ணத்தில் காய்ந்தன. எறும்பு நின்றது. கை மட்டும் மாறவில்லை.

சோதனைக்கு நாலு நாள் இருக்கையில் பெரிய விஷயம் நடந்தது. நபீஸா பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளிய தள்ளில் ஸ்லைட் இரண்டாக வெடித்து, வலது பெருவிரலுக்குள் இறங்கியது. ஆஸ்பத்திரியில் மூன்று தையல். வெள்ளைத் துணி சுற்றிய விரலோடு சேருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மெடிக்கல் குடுத்தா தள்ளிவைப்பாங்க" என்றார் சேர். "ஆனா அடுத்த சோதினை அடுத்த வருஷம்தான்."

"அடுத்த வருஷம் நான் இஞ்ச இருக்க மாட்டன் சேர். நாலு நாளில எழுதுறன்."

"எந்தக் கையால?"

வீட்டுக்குப் போய்க் குசினிக்குள் குந்தினாள். வலது கை தூக்கவே ஏலாது. இடது கை ஒன்று சும்மா கிடந்தது. எடுத்தாள்.

முதல் பத்து ஸ்லைட்டும் பார்க்க ஏலாது. மட்டத்தேள் ஊர்ந்த பாதைபோல ஒவ்வொன்றும் ஒரு பக்கம் கோணியது. ஆனால் ஒன்றிலும் கிழிசல் இல்லை. நபீஸா அதைக் கண்டு திகைத்தாள். பிறகுதான் விளங்கியது. குவைத்தில் தேய்த்ததெல்லாம் வலது கை. இடது கை வாளியைத் தூக்கியது, அவ்வளவுதான். அதற்கு அமத்தத் தெரியாது. யாரும் அதற்கு அமத்தப் பழக்கவேயில்லை.

பதினேழாவது ஸ்லைட்டில் நுனி மெலிந்து இறகுபோல முடிந்தது.

உம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இடக் கையால என்ன வேலடி செய்றா? பறக்கத்து வருமா?"

இடக் கை வேலைக்குப் பறக்கத்து, இறைவனின் அருள், கிட்டாது என்பது நபீஸாவுக்கும் நெஞ்சுக்குள் குத்தாமல் இல்லை. இடது கையால் ஒரு தண்ணீர்க் கோப்பைகூட யாருக்கும் கொடுத்தவள் இல்லை அவள்.

"ரெத்தம் நஜீஸ்தானே உம்மா?"

"ஓம், நஜீஸ்தான், அசுத்தம்தான்."

"நஜீஸ்ல கை வைக்கிறது எந்தக் கையால?"

உம்மா உள்ளே போய்விட்டாள்.

மிச்ச மூன்று நாளும் இடது கைக்குத்தான் பாடம். மாட்டு இரத்தம் போதாமல் போனபோது பஸ்லான் வந்து நின்றான். அவன் குருதியியலை எப்போதோ பாஸ் பண்ணியவன். நிலையத்துக்கு வர அவனுக்கு ஒரு காரணமும் இல்லை.

"நான் வைஃபைக்கு வந்தனான்" என்றான். "விரல் சும்மாதான் கிடக்கு. வேணுமெண்டா குத்துங்க."

"ஊசியக் கண்டா ஓடுற ஆள் நீ."

"கண்ண மூடிட்டு இருக்கன். கெதியாக் குத்துங்க ராத்தா, கதைக்காம!"

கடைசி நாள் பின்னேரம் அவனுடைய பத்து விரலிலும் புள்ளி. அன்று சோற்றைக் கரண்டியால் தின்றான். கேட்டவர்களிடம் ஸ்டைல் என்றான்.

சோதனை நாளில் விடியவே மழை. வெளி மாவட்டத்திலிருந்து வந்த பரிசோதகர் ஒரு மேடம். மூக்கு நுனியில் கண்ணாடி, முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. நபீஸா துளியை வைத்துவிட்டு இடது கையில் ஸ்லைட்டை எடுத்ததும் மேடம் பேனையை மூடினார்.

"நீங்க இடக்கைக்காரியா?"

"இல்ல மேடம். எழுதுறது, சாப்பிடுறது எல்லாம் வலதுதான்."

"கைநூல்ல வலது கை எண்டுதான் இருக்கு."

"ஓம் மேடம். ஆனா நுணுக்குக்காட்டிக்கு எந்தக் கையெண்டு தெரியாதே."

பக்கத்து மேசையில் யாரோ இருமினார்கள். மேடம் நபீஸாவின் வலது பெருவிரலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "துளி காயுது. செய்யுங்க" என்றார்.

நபீஸா பிஸ்மி சொல்லி, ஸ்லைட்டைச் சரித்து, துளியில் முட்டினாள். இரத்தம் விளிம்பு நீளத்துக்கு ஓடியது. தள்ளினாள். வாளி தூக்கிய கை, ஒன்றும் தெரியாத கை, சும்மா போனது.

மழை ஈரத்தில் படலம் காயும்வரை அட்டையால் விசிறினாள். சாயம் ஊற்றினாள், கழுவினாள், நூறு வெண்குழியம் எண்ணி எழுதினாள். பிறகு ஸ்லைட்டைக் கட்டுப்போட்ட வலது கைக்கு மாற்றி, இரண்டு விரலால் பிடித்து, மரியாதையாக நீட்டினாள்.

மேடம் குனிந்தார். ஸ்லைட்டை அங்கும் இங்கும் நகர்த்தினார். தானும் எண்ணினார், உதடு அசைந்தது. நபீஸா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். அது ஓடுவதாகவே தெரியவில்லை. கடைசியில் மேடம் நிமிர்ந்து ஏதோ எழுதினார்.

"மேடம், எப்பிடி?"

"அடுத்த ஆளைக் கூப்பிடுங்க."

மூன்று கிழமை கழித்து நிலையத்தின் சுவரில் பட்டியலை ஒட்டினார்கள். சித்தி நபீஸா, குருதியியல், சித்தி. பெயரிலும் சித்தி, சோதனையிலும் சித்தி, அதாவது பாஸ். ஆர்த்திகா படம் பிடித்து அனுப்பினாள். பஸ்லான் ஏழு தரம் அழைத்தான். நபீஸாவின் போன் அணைந்து கிடந்தது. அந்த நேரம் அவள் வேலை கேட்டு, டவுனில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தின் முதலாளிக்கு முன்னால், சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.

"பெறுபேறு எங்க?" என்றார் அவர்.

"வரும் சேர்."

"வந்தாப் பிறகு வாங்களன்."

நபீஸா எழும்பவில்லை. பைக்குள் கையை விட்டு இரண்டு புது ஸ்லைட்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அது வரட்டும் சேர். அதுக்குள்ள உங்கட விரல ஒருக்கா நீட்டுங்க."