வேலுத்தாய் பேசிய ஒன்றரை மணி நேரம்

பேச ஆரம்பித்தால் வேலுத்தாயை நிறுத்த முடியாது என்பது ராஜபாளையத்தில் அவள் வேலை பார்த்த நூல் மில்லில் எல்லோருக்கும் தெரியும். நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் பத்தொன்பது வருஷம். மெஷின் இரைச்சலை மீறிக் கேட்கும் குரல். அந்தக் குரலுக்காகத்தான் பெண்கள் அவளைச் சங்கப் பிரதிநிதி ஆக்கினார்கள். சங்கத் தலைவர் வரதராஜும் அந்தக் குரலை நம்பித்தான் அவளிடம் வந்தார்.

சங்கத் தேர்தலில் லீவில் இருப்பவர்கள், வேலையை விட்டுப் போனவர்கள் ஓட்டெல்லாம் கள்ளத்தனமாக வரதராஜுக்கு விழுந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்க பேக்கிங் பிரிவு விஜி ஒரு விதித் திருத்தம் எழுதியிருந்தாள். பட்டியலில் போட்டோ, விரலில் மை, பெட்டிக்கு இரு தரப்பும் கையெழுத்திட்ட சீல். ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபமொன்றில் பிரதிநிதிகள் கூடிக் கை தூக்கினால் அது விதியாகிவிடும்.

"பதினொன்றரைக்கு அது வருது. ஒரு மணிக்கு மண்டபத்தைக் காலி பண்ணணும், வேற விசேஷம் இருக்கு. அது வரைக்கும் நீ எதைப் பத்தியாவது பேசிக்கிட்டே இரு. ஒனக்கு ராத்திரி வேலை இல்லாத ஜெனரல் ஷிப்ட் நான் வாங்கித் தாரேன்" என்றார் வரதராஜ்.

மூன்று ஷிப்டும் மாறி மாறி நின்று அவள் காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. சரி என்றாள்.

எதைப் பேசுவது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. குடிதண்ணீரில் வரும் துருவைச் சொன்னாள். தாழ்ப்பாள் இல்லாத கக்கூஸைச் சொன்னாள். பிறகு பக்கத்து மெஷின் ஞானபாக்கியத்துக்கு வந்தாள். தளவாய்புரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வரும் அந்த அக்கா, பஞ்சுத் தூசி நெஞ்சை அடைக்க, படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குவதைச் சொன்னாள். மண்டபம் கை தட்டியது.

விஜி மூன்று முறை எழுந்தாள். "தீர்மானத்தைப் பத்திப் பேசச் சொல்லுங்க தலைவரே."

"தொழிலாளி கஷ்டத்தைச் சொல்லுது. நிறுத்தச் சொல்லுதியா?" என்றார் வரதராஜ்.

ஒரு மணிக்கு வாழையிலைக் கட்டோடு ஆட்கள் உள்ளே வந்தார்கள். கூட்டம் தள்ளிப்போனது. அடுத்த கூட்டத்துக்கு முன்பே தேர்தல் வந்துவிட்டது.

ஓட்டுப் போட நின்ற வரிசையில் ஞானபாக்கியம் முன்னால், வேலுத்தாய் பின்னால். மேஜையில் இருந்தவன் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஒங்க ஓட்டு விழுந்துட்டுதேம்மா" என்றான். பேருக்கு நேரே வளைத்து நெளித்து ஒரு கையெழுத்து. ஞானபாக்கியம் பெருவிரலை நீட்டிக் காட்டினாள்.

"எனக்குக் கைநாட்டுத்தானய்யா. ஏட்டி வேலு, நீயாவது சொல்லு. நான் இப்பத்தானே ஒங்கூட வாரேன்?"

"ஆபீஸ்ல கேட்டுப் பாருக்கா" என்றாள் வேலுத்தாய், தரையைப் பார்த்தபடி. ஞானபாக்கியம் இருமிக்கொண்டே வரிசையை விட்டு விலகினாள்.

வரதராஜ் மறுபடி ஜெயித்தார். வேலுத்தாய்க்கு ஜெனரல் ஷிப்ட் கிடைத்தது. கால் வீக்கம் வடிந்தது. சோறுதான் இறங்கவில்லை. பொய் சொல்லியிருந்தால்கூட இத்தனை உறுத்தியிருக்காது. அன்றைக்கு அவள் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. அக்காவின் இருமலை எடுத்து அக்கா ஓட்டின் மேலேயே போட்டு மூடியிருந்தாள்.

இரண்டு மாதம் பொறுத்தாள். பிறகு விஜியிடம் போய், நடந்ததையெல்லாம் எழுதச் சொல்லிக் கையெழுத்திட்டாள். விஜி அதைத் தொழிலாளர் அதிகாரிக்கு அனுப்ப, விசாரணையிலும் தலைவர் முன்னாலேயே அதைச் சொன்னாள். மறுவாரமே மூன்று ஷிப்டுக்குத் திரும்பினாள்.

ஞானபாக்கியம் வீட்டுக்கும் போனாள். அக்கா காப்பி கொடுத்தாள். வேலுத்தாய் சொன்னதை முழுவதும் கேட்டாள்.

"மண்டபத்துல நீ என் சீக்கைப் பத்திப் பேசுனேன்னு சொன்னாவ. கேட்டுட்டு ஒனக்காகச் செபம் பண்ணினேன்ட்டி" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. வேலுத்தாயும் கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்தில், விசாரணைக்குப் பிறகு எதிர்க்க முடியாமல் வரதராஜின் ஆட்களும் கை தூக்க, பத்தே நிமிஷத்தில் திருத்தம் நிறைவேறியது. வேலுத்தாய் ஒரு வார்த்தை பேசவில்லை. போட்டோ ஒட்டிய புதுப் பட்டியல் மில் கேட்டருகே தொங்கியபோது கோன் வைண்டிங் பிரிவுக்கான தாளில், இருக்காது என்று தெரிந்தும், ஞானபாக்கியத்தைத் தேடினாள். பட்டியல் வருமுன், மாசி மாதமே அக்கா ஓய்வு பெற்றுப் போயிருந்தாள்.